கப்பலிலிருந்து இறங்கிக் கொச்சியில் ஓர் இரவு: எங்கே தங்குவது, எப்படித் தேடுவது?

மும்பையில் ஏறிக் கொச்சியில் இறங்குகிற கப்பல் பயணத்துக்கு இப்போது எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்தும் ஆட்கள் போகத் தொடங்கியிருக்கிறார்கள். டிக்கெட் எடுத்தவர்கள் எனக்குப் போன் செய்தால் கேபின் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா, குமட்டுமா என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப்போகிற நேரத்தில், “அப்புறம், கொச்சியில எங்கே தங்கினீங்க?” என்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் நிறையச் சொல்ல இருக்கிறது.

கொச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் மூன்று மணி நேரம்தான். காலையில் கப்பல் வந்தால் மத்தியானம் வீட்டில் சாப்பிடலாமே, எதற்கு ஓர் இரவுக்குக் காசு என்று என் கணவரும் முதலில் கேட்டார். சின்ன வயதுக்காரர்கள் மட்டும் போனால் அப்படி வந்துவிடலாம். எங்களுடன் மாமனார் இருந்தார், என் அம்மா இருந்தார், குழந்தைகள் இருந்தார்கள். கப்பல் கரை சேரும் நேரம் டிக்கெட்டில் அச்சடித்த நேரமாகவே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏற வேண்டும், துறையில் இடம் கிடைக்க வேண்டும், கயிறு கட்ட வேண்டும், அதற்குப் பிறகு தளம் தளமாக ஆட்களை இறக்குவார்கள். அதே நாள் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டு இந்த வரிசையில் நின்றால் வயிற்றைக் கலக்கும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பதற்றம் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக ஓர் இரவு தங்கலாம் என்றேன். அதில் எனக்கு இப்போதும் முழுத் திருப்தி.

தங்குவது என்று முடிவானதும் எல்லோரும் செய்வதுபோல் நானும் போனில் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். நீச்சல் குளம், கடல் பார்த்த ஜன்னல், வெள்ளை விரிப்பு. ஓர் அரை மணி நேரத்திலேயே ஒன்று புரிந்தது. ஒரு ராத்திரி மட்டும் தங்குகிறவருக்கு இவை எதுவும் முக்கியம் இல்லை. கப்பல் எங்களை வெளியே விடும் நேரம், மறுநாள் ரயில் கிளம்பும் நேரம், இந்த இரண்டுதான் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் பொருந்துகிற அறை எதுவோ அதுதான் நல்ல அறை.

கப்பலில் கேபினைக் காலையிலேயே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். காலை எட்டரை, ஒன்பதுக்குப் பெட்டிகளோடு டெர்மினல் வாசலில் நிற்போம். பெரிய ஓட்டல்களில் செக்-இன் மத்தியானம் 2 மணி. நடுவில் ஐந்து மணி நேரம் பெரியவர்களை எங்கே உட்கார வைப்பது? குழந்தைகளை எங்கே குளிக்க வைப்பது? புக்கிங் செயலியில் ‘முன்கூட்டியே அறை வேண்டும்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்யலாம். அது ஒரு வேண்டுகோள் மட்டும்தான். முதலில் நான் பார்த்து வைத்திருந்த ஓர் ஓட்டலுக்குப் போன் செய்தபோது, முந்தின ராத்திரி ஆள் இல்லாமல் இருந்தால் தருவோம், இல்லையென்றால் அரை நாள் வாடகை கூடுதல் என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எனக்கு அது ஒத்துவரவில்லை.

அப்போதுதான் கொச்சி நகரின் கரைப் பகுதியான எர்ணாகுளத்தில் பழைய லாட்ஜுகளும் டூரிஸ்ட் ஹோம்களும் இன்னும் 24 மணி நேரக் கணக்கில் அறை தருவது நினைவுக்கு வந்தது. காலை பத்துக்கு நுழைந்தால் மறுநாள் காலை பத்து வரை அறை நமது. நம் கோயம்புத்தூர், பழனி லாட்ஜுகளில் பார்த்துப் பழகிய முறைதான். கப்பலில் காலையில் இறங்கி, மறுநாள் காலை ரயில் ஏறுகிறவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது. இதைத் தேடல் பக்கத்தில் வடிகட்டிப் பார்க்க முடியாது. போன் செய்து கேட்டால்தான் தெரியும். “சேட்டா, நிங்ஙள்டெ அவிடெ செக்-அவுட் ட்வென்டி ஃபோர் அவர்ஸ் ஆணோ?” என்று ஒரே கேள்வி. எல்லைப் பக்கத்தில் வளர்ந்ததால் மலையாளம் வந்தது, தமிழில் கேட்டாலும் எர்ணாகுளத்தில் பதில் சொல்வார்கள். ஆமாம் என்று சொன்ன இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மீதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது இடம். கப்பல் நிற்பது வில்லிங்டன் தீவில். பயணிகள் கப்பலுக்கான சாகரிகா டெர்மினல் அங்கேதான் இருக்கிறது, 2021-இல் திறந்தது. அதே தீவில் தங்கிவிட்டால் இறங்கியதும் அறைதானே என்று தோன்றும். தீவில் நல்ல ஓட்டல்களும் இருக்கின்றன, வாடகையும் அதற்கேற்ப. ஆனால் அந்தத் தீவு எதற்காக உண்டானது என்று தெரிந்தால், ஓர் இரவுக்காரருக்கு அது ஏன் அவ்வளவாகப் பொருந்தாது என்பது விளங்கும். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-இல் கொச்சிக்கு வந்து துறைமுக வேலையைத் தொடங்கினார். கப்பல் வர ஆழம் வேண்டுமென்று காயலிலிருந்து தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கியதுதான் இன்றைய தீவு. துறைமுகம், கடற்படை, கிடங்குகள், சுங்கம் இவற்றுக்காகப் போட்ட தரை. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு மருந்துக்கடையோ, குழந்தைக்குப் பாலோ, பெரியவர்களுக்கு இரண்டு இட்லியோ தேடினால் பாலம் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

மாமாவுக்கு இந்தத் தீவு பழக்கம். சின்ன வயதில், வளைகுடாவுக்குப் போன சொந்தக்காரரை வழியனுப்ப இங்கே வந்திருக்கிறார். அன்றைக்கு விமான நிலையமும் இதே தீவில்தான். கடற்படையின் ஓடுதளத்திலிருந்துதான் பயணிகள் விமானமும் கிளம்பும். ரயிலும் தீவுக்குள்ளேயே வரும். கப்பல், ரயில், விமானம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்த ஊர். அந்த நினைவில் மாமா, “ஏங்கண்ணு, ஸ்டேஷன் இங்கயே இருக்குதே, அப்புறம் எதுக்கு எர்ணாகுளம் சவுத்துக்குப் போகோணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரைபடத்தைத் திறந்தால் கொச்சி ஹார்பர் டெர்மினஸ் என்று ஒரு ரயில் நிலையம் இன்னமும் தீவில் காட்டும். ‘ரயில் நிலையத்துக்கு அருகில்’ என்று ஓட்டல் விளம்பரமும் வரலாம். அங்கே வழக்கமான பயணிகள் ரயில் எதுவும் இப்போது கிடையாது. விமான நிலையமும் 1999-இல் நெடும்பாசேரிக்குப் போய்விட்டது, தீவிலிருந்து 40 கிலோமீட்டருக்குக் கிட்ட. எனவே பழைய நினைவை வைத்தோ, வரைபடத்தில் தெரியும் குறியை வைத்தோ அறை எடுக்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் ஏறப்போகிற ரயில் எந்த நிலையத்தில் நிற்கிறது என்று டிக்கெட்டைப் பார்த்து எடுங்கள்.

டிக்கெட்டிலும் கவனம் வேண்டும். எர்ணாகுளம் ஜங்ஷன் என்பது சவுத். எர்ணாகுளம் டவுன் என்பது நார்த். இரண்டும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் தள்ளி. சில ரயில்கள் சவுத்தைத் தொடாமல் நார்த்தில் மட்டும் நின்று போகும். நாங்கள் எடுத்தது சவுத்திலிருந்தே புறப்படும் பெங்களூரு இன்டர்சிட்டி. காலை ஒன்பது மணிக்கு மேல் கிளம்பி, திருச்சூர், பாலக்காடு, கோயம்புத்தூர் வழியாகப் போகும். அங்கிருந்தே புறப்படுகிற ரயிலில் ஒரு பெரிய வசதி, வண்டி முன்கூட்டியே பிளாட்பாரத்துக்கு வந்து நிற்கும். முட்டி வலிக்காரரை நிதானமாக ஏற்றலாம். இரண்டு நிமிடம் நின்று போகும் வண்டியில் மூன்று பெட்டி, இரண்டு பெரியவர், குழந்தைகள் என்று ஏறுவதை யோசித்துப் பாருங்கள். எனவே ரயிலை முதலில் தேர்ந்தெடுத்தோம், ரயிலை வைத்து நிலையத்தை, நிலையத்தை வைத்து லாட்ஜை.

ஃபோர்ட் கொச்சியில் தங்க எனக்கு ஆசை இருந்தது, மறைக்கவில்லை. மரநிழல் தெருக்கள், பழைய வீடுகளில் ஹோம்ஸ்டே, காலையில் சீன வலை. இரண்டு நாள் தங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகலாம். மறுநாள் காலை ரயில் என்றால் தோப்பும்படி வழியாக அலுவலக நேர நெரிசலில் வர வேண்டும், அதுதான் தயக்கம். டிசம்பர் கடைசியில் இறங்குகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். கார்னிவல் நடக்கும், புத்தாண்டு ராத்திரி பப்பாஞ்ஞி என்ற பெரிய பொம்மையை எரிக்க ஊரே கூடும், வண்டி உள்ளே போகாது. மரைன் டிரைவ் அழகான இடம், கூடுதல் காசு கொடுக்க முடிந்தவர்களுக்கு நல்லது. சவுத்திலிருந்தும் அதிக தூரமில்லை.

நாங்கள் போனது கார்த்திகை மாதம். சபரிமலை சீசன். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வரும் ஐயப்ப பக்தர்களில் பலர் எர்ணாகுளத்திலும் இறங்கிப் பம்பை பஸ்ஸோ வேனோ பிடிக்கிறார்கள். சவுத் பக்கத்து லாட்ஜுகள் நிறைந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் கப்பல் டிக்கெட் எடுக்கிறவர்கள் அதோடு சேர்த்தே அறையும் ரயிலும் எடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்த இரண்டு மாதத்தில் நடக்காது. ஐப்பசியில் இறங்குகிறவர்களுக்கு வேறு கவலை. துலாவர்ஷம் சாயங்காலத்தில் இடியோடு கொட்டும், பெருமழை என்றால் சவுத் ஸ்டேஷன் சுற்றிலும் எம்.ஜி. ரோட்டிலும் தண்ணீர் தேங்கும். ரிசப்ஷனில் கேட்கும்போது, மழைக்கு வாசலில் தண்ணீர் நிற்குமா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

போனில் நான் கேட்டவை இன்னும் சில. லிஃப்ட் இருக்கிறதா? இருந்தால் தெரு மட்டத்திலிருந்தே இருக்கிறதா? பழைய கட்டடங்களில் பத்துப் படி ஏறிப் போனால்தான் லிஃப்ட் கதவே வரும். அந்தப் பத்துப் படிதான் மாமாவுக்குக் கஷ்டம். குளியலறையில் வெஸ்டர்ன் டாய்லெட்டா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, வாசல்படி உயரமா? வெந்நீர் எந்நேரமும் வருமா, இல்லை காலை ஆறு முதல் ஒன்பது வரைதானா? காலையில் பத்து மணிக்கு அறைக்குள் நுழைகிறவருக்கு இது பெரிய விஷயம். கீழே சைவச் சாப்பாடு உண்டா, இல்லையென்றால் எத்தனை கடை தள்ளி? காலைச் சிற்றுண்டி எத்தனை மணிக்கு ஆரம்பம்? வாடகை வரியோடா, வரி தனியா? இப்போது 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம் வரி, அதற்கு மேல் போனால் 18. பெரிய ஓட்டலுக்கும் சாதாரண லாட்ஜுக்கும் பில்லில் உள்ள வித்தியாசம் இதிலும் கூடும்.

குளியலறைக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. கப்பலில் சில நாள் இருந்துவிட்டு நிலத்தில் கால் வைத்தால் தரை ஆடுவது போலவே இருக்கும். உடம்பு கடலுக்குப் பழகிப்போய், கரையில் திரும்பப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதும், ராத்திரி இருட்டில் எழுந்திருக்கும்போதும்தான் அது அதிகம் தெரியும். அம்மாவுக்கு அன்று முழுக்க அப்படி இருந்தது. “மெத்தையே ஊஞ்சலாட்டம் ஆடுதுடி” என்றார். எங்களுக்கு ஒரே நாளில் சரியாகிவிட்டது. பெரியவர்கள் இருந்தால் ஈரத்தில் வழுக்காத தரை, கட்டிலிலிருந்து குளியலறைக்குக் குறுகிய தூரம், ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கு, இந்த மூன்றையும் அறைக்குள் நுழைந்ததும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வேறு அறை கேளுங்கள். நாங்கள் ரோட்டுப் பக்க அறையை மாற்றிப் பின்பக்க அறை வாங்கினோம். ஹாரன் சத்தம் பாதியாகக் குறைந்தது.

இறங்கும் நாள் எப்படிப் போகும் என்பதையும் சொல்கிறேன். முந்தின ராத்திரியே பெரிய பெட்டிகளில் சீட்டு மாட்டிக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். அவற்றை டெர்மினலில்தான் திரும்பப் பார்ப்போம். அதனால் மாத்திரை, ஆதார் அட்டை, ஒரு செட் மாற்றுத் துணி, போன் சார்ஜர் எல்லாம் கைப்பையில். ஆயிரம் பேருக்கு மேல் ஒரே காலையில் இறங்குவதால் டாக்சிக்குக் கூட்டம் அலைமோதும். நாங்கள் லாட்ஜிலேயே சொல்லி ஒரு வண்டி ஏற்பாடு செய்திருந்தோம். டிரைவர் நம்பரை முந்தின நாளே, கப்பலில் சிக்னல் கிடைத்த நேரத்தில் வாங்கி வைத்தோம். பாலம் தாண்டி சவுத்துக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். பத்தே காலுக்கு அறைக்குள் இருந்தோம். ஏசி டபுள் ரூம், 2,000 ரூபாயை ஒட்டி. எல்லோரும் குளித்து, கீழே இட்லியும் வடையும் சாப்பிட்டு, மூன்று மணி வரை தூங்கினோம். அத்தனை பதார்த்தங்களைக் கப்பலில் அடுக்கி வைத்திருந்தும், அம்மா ரசித்துச் சாப்பிட்டது அந்த இட்லியைத்தான்.

கொழுந்தனார் குடும்பத்துக்கு மறுநாள் விடிகாலை நெடும்பாசேரியிலிருந்து துபாய் விமானம். கடைசி ராத்திரி எல்லோரும் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. சவுத்தில் தங்கி, நடுராத்திரி கிளம்பி ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போவது குழந்தையோடு சிரமம். விமான நிலையத்துக்கு அருகில் அத்தாணி, அங்கமாலி பக்கம் தங்கினால் எங்கள் ரயில் தூரமாகிவிடும். பேசிப் பார்த்து, பகல் முழுக்க எங்களுடன் இருந்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர்கள் விமான நிலையப் பக்கம் போய் அங்கே படுப்பது என்று வைத்துக்கொண்டோம். சவுத்திலிருந்து மெட்ரோ இருக்கிறது, ஆனால் அது ஆலுவா வரைதான். விமான நிலையத்துக்குள் மெட்ரோ போகாது, ஆலுவாவிலிருந்து பஸ் மாற வேண்டும். கைப்பை மட்டும் என்றால் சரி. துபாய்க்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் பெட்டிகளுக்கு கார்தான். ஒரு குடும்பம் ரயிலுக்கு, ஒரு குடும்பம் விமானத்துக்கு என்றால் ஒரே ஓட்டலில் எல்லோரையும் அடைக்கப் பார்க்காதீர்கள். பகலை ஒன்றாகச் செலவழிக்கலாம், தூக்கத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பகலுக்கும் சவுத் வசதியாகவே இருந்தது. சாயங்காலம் ஆட்டோவில் ஹைகோர்ட் ஜெட்டி போய், வாட்டர் மெட்ரோ படகில் ஃபோர்ட் கொச்சி போனோம். பழைய சர்க்கார் படகுக்கு மெயின் ஜெட்டி போனால் சில ரூபாயில் அதே காயலைக் கடக்கலாம். எனக்குத் தனியாகப் போனால் அதுதான் பிடிக்கும். பெரியவர்களோடு போகும்போது வாட்டர் மெட்ரோ நல்லது. அதன் ஜெட்டி தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்கும், படகும் ஜெட்டியும் ஒரே மட்டத்தில் நிற்கும், காலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. மாமா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். திரும்பி வந்து எர்ணாகுளத்தப்பன் கோயிலில் தீபாராதனை. தர்பார் ஹால் மைதானத்தை ஒட்டிய கோயில், சிவன் மேற்கே பார்த்து இருக்கிறார். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டியைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். அம்மா கப்பலில் ஏறின நாளிலிருந்து இந்தத் தரிசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை லாட்ஜிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். எட்டரைக்கே எல்லோரும் சீட்டில் உட்கார்ந்தாயிற்று. பன்னிரண்டு சொச்சத்துக்குப் பாலக்காடு, அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் வீடு.

ரயில் கிடைக்காதவர்கள், பஸ்ஸிலோ காரிலோ வருகிறவர்கள் சவுத்தைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. பஸ் என்றால் வைற்றிலா ஹப் பக்கம் தங்குங்கள், திருச்சூர், பாலக்காடு பக்கம் போகும் வண்டிகள் அங்கே கிடைக்கும், மெட்ரோ நிலையமும் ஒட்டியே இருக்கிறது. சொந்தக் கார் வந்து கூட்டிப்போகும் என்றால் இடப்பள்ளி தாண்டி, களமசேரி அல்லது ஆலுவாவில் அறை எடுப்பது நல்லது. காலை நெரிசலுக்கு முன்பே நகரத்தைத் தாண்டியிருப்பீர்கள், எழுந்ததும் நேராக நெடுஞ்சாலைதான். திருச்சூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு மேட்டில் மணிக்கணக்கில் நிற்கும் தொல்லையும் இல்லை. அப்போதும் லாட்ஜில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதேதான்: காலை பத்து மணிக்கு வந்தால் அறை தருவீர்களா?